சேனல் சொல்லும் மாதம்

பூரணிக்கு இரண்டு மாதம் என்று டி.வி.யில் டாக்டர் சொன்ன அன்றிரவு, பூரணியாக நடித்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் ஆறு மாத வயிறு, விருகம்பாக்கத்தில் இரண்டாம் மாடி வீட்டு அடுப்படியில் அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோதே, இரண்டு மாத வயிறாக இறங்கிப்போனது. வலி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, நைட்டியின் முன்பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கிவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். அங்கே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இசக்கிராஜ் மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன், எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிறவன். அவன் அவள் வயிற்றில் கையை வைத்துத் தடவிப் பார்த்தான்.

“உள்ளதான் இருக்கு,” என்றான். “சின்னதாயிருச்சு, அவ்வளவுதான்.”

“ஆறு மாசமாச் சொமந்திருக்கேன், என்னங்க.”

“டாக்டரே ரெண்டுன்னுட்டாங்களே,” என்று அவன் டி.வி.யைக் காட்டினான். இருவரும் தோசை சாப்பிட்டார்கள். செண்பகம் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாகவே சாப்பிட்டாள், கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

இந்தக் கூத்து எங்கே தொடங்கியது என்றால், ‘மடி நிறைய மல்லிகை’ என்ற அந்த சீரியலில் பூரணியைப் பிள்ளையில்லாதவளாக வைத்து இரண்டு வருஷம் ஓட்டியிருந்தார்கள் என்பதில் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாளாவது மாமியார் அவளை மலடி என்று சொல்லியாக வேண்டும், அவள் பூஜையறையில் போய் அழுதாக வேண்டும், ஊரே கூட உட்கார்ந்து மூக்கைச் சிந்தியாக வேண்டும். அப்படி இருக்கும்போது நிஜமாகவே தனக்கு மூன்று மாதம் என்று செண்பகம் போய்ச் சொன்னாள். அந்தத் தொழிலில் ஒரு பெண் இப்படி வந்து சொன்னால் முதலில் யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை. “வேற யாருக்குத் தெரியும்?” என்றுதான் டைரக்டர் குணாளன் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

அதிலிருந்து அவள் வயிற்றுக்கு முன்னால் பொருள்கள் வந்து நிற்கத் தொடங்கின. பித்தளைக் குடம் வந்தது, துணிக்கூடை வந்தது, ஆரத்தித் தட்டு வந்தது, சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவே முடியாத ஒரு மருமகளாகப் பூரணி மாறினாள், ஒரு வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வயிற்றை மறைத்துத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையைப் பார்த்தே தனக்கு ஒரு பிள்ளை இல்லையே என்று அழுதாள். உள்ளே இருந்தது அப்போது உதைக்கத் தொடங்கியிருந்தது. மாமியார் மலடி என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது உதைத்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள், அந்தக் கண்ணீர் ரொம்ப இயல்பாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

குடத்தால் மறைக்க முடியாத நிலை வந்தபோதுதான் சேனலிலிருந்து நிரஞ்சன் வந்தான். கதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லுகிற அதிகாரி அவன், மெலிந்த பையன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன். அவன்தான் கர்ப்பத்தைக் கதையிலேயே வைத்துவிடலாம் என்றான். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். “ஆனா ஆறு மாசம்னு வச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்,” என்றான் நிரஞ்சன். “ரெண்டுல ஆரம்பிப்போம்.” அப்படி ஆரம்பித்ததுதான், தோசைக்கல்லின் முன்னால் நின்றவளுக்கு நடந்தது.

சீரியலின் காலம் நம் காலத்தைப் போல ஓடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவன் ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்தால் அறைந்த கை கீழே இறங்க ஒரு வாரம் ஆகும், ஒரு பொங்கல் பானை பொங்கி வழிய இரண்டு வாரம் ஆகும், வாசலில் வந்து நிற்கிறவர் யார் என்று காட்டுவதற்குள் நிஜத்தில் ஒரு பருவமழை வந்து போய்விடும். செண்பகத்தின் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது அந்தக் காலத்துக்கு மாறிக்கொண்டது. படம் பிடித்த நாள் அதற்குப் பொருட்டில்லை, காற்றில் ஏறி வீடுகளில் வந்து விழுந்தால்தான் அதற்குக் கணக்கு. இரவு ஏழரை மணிக்குப் பூரணிக்கு மசக்கை என்று வந்தால் செண்பகத்துக்கு ஏழரை மணிக்குக் குமட்டியது. பூரணியின் கொழுந்தன் கல்யாணத்தை ஒரு மாதம் காட்டியபோது பூரணியை யாருமே கவனிக்கவில்லை, அந்த மாதம் முழுக்க வயிறு ஒரு விரல்கூட ஏறாமல் அப்படியே நின்றது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். யாரும் திகைக்கவில்லை. எஸ்தர் டாக்டர், கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர், தன் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் ஒரு டி.வி.யை மாட்டி வைத்து, நேற்றைய எபிசோடைக் கேட்டுக்கொண்டபிறகே செண்பகத்தின் வயிற்றில் கை வைத்தார். “அஞ்சாம் மாசம்னு அவங்க இன்னும் சொல்லலையேம்மா, நான் எப்படி ஸ்கேன் எழுதட்டும்?” என்றார். அடுக்குமாடிப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு புளிக்குழம்பும் மாங்காய்த் துண்டும் கொண்டுவந்தார்கள், வளையல் கொண்டுவந்தார்கள், கொடுத்துவிட்டு அவளிடமே, “பூரணிக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறக்காம இருந்தா நல்லாருக்கும், பாக்க அவ்வளவு ஆசையா இருக்கு,” என்றார்கள். இசக்கிராஜின் அலுவலகத்தில் அவனுக்குப் பிரசவ சமயத்து விடுப்பைக் கொடுத்தார்கள், திருப்பி வாங்கிக்கொண்டார்கள், மறுபடி கொடுத்தார்கள். வேறொரு சேனலில் இதற்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது, பூரணியின் பிரசவம் தள்ளிப்போகக் காரணம் மாமியாரா, நாத்தனாரா என்பது தலைப்பு. இரண்டு மணி நேரம் பேசினார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள், நாத்தனார்தான் என்று தீர்ப்பு வந்தது. சேனல் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

கதையில் வளைகாப்பு வந்தபோது ஷூட்டிங்கில் செண்பகத்தை மகாராணி மாதிரி நடத்தினார்கள். உட்கார முதுகு சாய்ந்த நாற்காலி, கால் வைக்க முக்காலி, இளநீர், அவள் பக்கம் ஒரு மின்விசிறி. மேக்கப் போடுகிற பெண் தன் வீட்டிலிருந்து சுக்குக் காப்பி கொண்டுவருவாள். எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள், யாருமே அவளை விடவில்லை. செண்பகத்துக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. திட்டுகிறவர்களையாவது திருப்பித் திட்டலாம், சுக்குக் காப்பி தருகிறவர்களை என்ன செய்வது?

விலகிப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் முதல் மாதமே கேட்டுக்கொண்டாள். ஆனால் பூரணியின் மூத்த மைத்துனனாக நடித்தவருக்கு நடந்தது அவளுக்குத் தெரியும். கதையில் அந்த மைத்துனன் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயத்தில் அவர் சம்பளத் தகராறில் விலகினார், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் எழுத்துப் போட்டார்கள், போட்ட நிமிஷத்தில், நிஜத்திலும் முறிந்திருந்த பழையவரின் கை சரியாகிவிட்டது, புதியவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர், கை முறிந்து அலறினார். ஆகவே இந்த வயிறு பூரணியின் வயிறு. அவள் எழுந்து போனால் அந்த எழுத்து வரும், பிள்ளை அவளை விட்டு எழுந்து இன்னொருத்தி வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கோவில்பட்டியிலிருந்து வந்து, நாலு வருஷம் தவறாமல் நின்று நடித்து, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அதை ஒரு எழுத்துக்குப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை. அதனால் இருந்தாள். பெற்றுக்கொண்டுதான் எழுந்திருப்பது என்று பிடிவாதமாக, ஒன்றரை வருஷம் தாண்டியும் அந்த நாற்காலியில் இருந்தாள்.

பூரணிக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தபோது நிரஞ்சன் மறுபடி வந்தான். அன்று யூனிட்டில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுக்குக் காப்பிகூட வரவில்லை.

“ரேட்டிங் ஏத்துற மகா வாரம் வருது, மேடம்,” என்றான். “சனிக்கிழமை எபிசோட்ல நாத்தனார் உங்கள மாடிப்படியில தள்ளிவிடுறாங்க. கீழ போகும்போதே ஃப்ரீஸ். திங்கக்கிழமை ஆஸ்பத்திரி. குழந்தை தங்கல.”

செண்பகம் குணாளனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது கதையில சாகல சார். என் வயித்துல சாகும்.”

“தெரியும் மேடம். அதுக்காகத்தான் சேனல் சைடுல ஒரு நர்ஸ் ஏற்பாடு பண்ணிருக்கோம். திங்கக்கிழமை ராத்திரி உங்க கூடவே இருப்பாங்க.”

“பொறக்க விட்டா என்ன சார்? ஊரே சந்தோசப்படுமே.”

“சந்தோஷம் ஒரு வாரம் போகும் மேடம். அழுகை மூணு மாசம் போகும்.” அவன் அதைக் கொஞ்சமும் கடுமையில்லாமல் சொன்னான், மழை வரும் என்று சொல்லுகிறவன் மாதிரி.

“நான் நடிக்கல. வேற ஆளப் பாத்துக்குங்க.”

“வேற ஆள் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அவங்க வயித்துல போயி, அவங்க விழுவாங்க. குழந்தைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் நடித்தாள். வேறு என்ன செய்வாள்? கீழே மெத்தை போட்டிருந்தார்கள், நாத்தனாராக நடித்த பெண் காதருகே “மன்னிச்சுரு” என்று முனகிவிட்டுத் தள்ளினாள், மூன்று கேமரா மூன்று கோணத்தில் பிடித்தது, செண்பகம் மெத்தையில் பத்திரமாக விழுந்து எழுந்து வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை ஏழரை மணி எபிசோடின் கடைசியில், ஒரே தள்ளலை மூன்று தடவை காட்டி, மூன்றுக்கும் இடி இடித்து, பூரணியை மாடிப்படிக்கும் தரைக்கும் நடுவில் அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பெயர்ப் பட்டியலைப் போட்டார்கள்.

அந்த நொடியிலிருந்து செண்பகம் விழுந்துகொண்டே இருந்தாள். கட்டிலில்தான் படுத்திருந்தாள், ஆனால் லிஃப்ட் சட்டென்று கீழே இறங்கும்போது அடிவயிற்றில் ஒன்று கவ்வுமே, அது கவ்வியபடியே விடாமல் நின்றது, சனி இரவு நின்றது, சீரியல் இல்லாத ஞாயிறு முழுக்க நின்றது. குடித்த தண்ணீர் தங்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த கை மரத்துப்போனது. அடுக்குமாடிப் பெண்கள் வந்து வரிசையாகச் சுவரோரம் நின்று, “திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா,” என்றார்கள். எஸ்தர் டாக்டர் போனில், “நீ இன்னும் தரையைத் தொடலையேம்மா, தொட்டாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். பெட் தயாரா இருக்கு,” என்றார். இசக்கிராஜ் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தான், எங்காவது போய்விடுவாள் என்பது போல.

“எல்லாரும் என்ன மயித்துக்கு இங்க நிக்காக?” என்று அவள் கத்தினாள். “போயி ஒருத்தர் அந்த டி.வி.யப் போட்டு ஒடைங்க.”

யாரும் உடைக்கவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று பார்க்க அது வேண்டுமே.

திங்கள் பகலில் போன் வந்தது. “நான் பூரணி பேசுறேன்,” என்றது, அச்சு அசல் பூரணியின் குரல். செண்பகம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது, அது ஞானசௌந்தரி. செண்பகத்தின் சொந்தக் குரலில் கரிசல்காட்டு மண் அதிகமாக இருக்கிறது, பணக்கார வீட்டு மருமகளுக்கு ஒத்துவராது என்று சேனல் ஒதுக்கியதிலிருந்து, பூரணியின் வார்த்தைகளை சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் நின்றுகொண்டு பேசுகிறவள். நாலு வருஷத்தில் இருவரும் நேரில் பார்த்ததில்லை.

“இன்னிக்கு எபிசோட் இப்பத்தான் டப்பிங்குக்கு வந்திருக்கு. கையில ஸ்டாக் இல்ல, சுடச்சுட அனுப்புறாங்க,” என்றாள் ஞானசௌந்தரி. “ஆஸ்பத்திரி டாக்டருக்கும் என்னையேதான் பேசச் சொல்லிருக்காங்க, தனி ஆளுக்குக் காசு தர மாட்டாங்க இந்தப் புண்ணியவானுங்க. அந்த டாக்டரா நடிச்ச பொண்ணுக்கு வசனம் வரலைன்னு மூஞ்சியில மாஸ்க்க மாட்டி விட்டுட்டானுங்க. வாயே தெரியல. நான் என்ன சொல்றேன்னு புரியுதா?”

புரிந்தது. விழுந்துகொண்டே செண்பகம் எழுந்தாள், விழுந்துகொண்டே படி இறங்கினாள், இசக்கிராஜ் அவளை ஆட்டோவில் ஏற்றித் தோளோடு அணைத்துக்கொண்டு போனான்.

தியேட்டரில் திரையில் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நீளமான தாழ்வாரம், மாமியார், மாமனார், கொழுந்தன்கள், எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், கதவு திறக்கிறது, மாஸ்க் போட்ட டாக்டர் வந்து கையுறையைக் கழற்றியபடி ஏதோ சொல்கிறார், உடனே அத்தனை பேரும் ஓவென்று அழுது ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். ‘சாரி, பூரணியோட குழந்தையைக் காப்பாத்த முடியல’ என்று தாளில் இருந்தது.

“நீங்களே மாத்திச் சொல்லிருங்கக்கா,” என்றாள் செண்பகம், ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஞானசௌந்தரி ஐம்பது வயதுக்காரி, குட்டையானவள், ஆஸ்துமா உள்ளவள். அவள் தலையை ஆட்டினாள். “நான் சொன்னா பூரணி பெத்ததாயிடும். பூரணிக்குப் பொறந்தா அத நாளைக்கே திருப்பி வாங்கிக்குவானுங்க. நீ சொல்லு. உன் வாயால சொல்லு.”

சவுண்ட் இன்ஜினியர் தாமு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தாளைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு, “மாஸ்க்தானே. லிப் சிங்க் பிரச்சனை வராது,” என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திறந்தான்.

செண்பகம் இசக்கிராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு மைக்கின் முன் நின்றாள். பொறுமையாகப் பேசவில்லை. ஒன்றரை வருஷத்துக் கோபத்தோடு, ஒரு நர்ஸை அனுப்புகிறேன் என்றவனின் முகம் கண்ணுக்கு முன்னால் நிற்க, தன் ஊர்ப் பேச்சில், தன் சொந்தப் பெயரைப் போட்டுச் சொன்னாள்: “செண்பகவல்லிக்குப் பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக.”

ஏழரை மணிக்கு எஸ்தர் டாக்டரின் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் நர்ஸுகளும் கேன்டீன்காரர்களும் டி.வி. முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே கட்டிலில் செண்பகம் படிக்கட்டின் கடைசிப் படிகளில் உருண்டுகொண்டிருந்தாள், அலறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, மாஸ்க் போட்ட டாக்டர் வந்தார், முகத்தில் அறைந்தாற்போல் ஒரு கோவில்பட்டிக் குரல் வீடு வீடாகப் போய் விழுந்தது. படத்தில் ஒரு நூல்கூட மாறவில்லை, அதே மாமியார் அதே மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் பார்த்தவர்களுக்கு அது சந்தோஷத்தில் அழுவதாகத்தான் தெரிந்தது, அவர்களும் சேர்ந்து அழுதார்கள். செண்பகவல்லி யார் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள், பக்கத்து வார்டாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். கட்டிலில் விழுவது நின்றது. இறக்கிய மாதங்கள், நிறுத்திவைத்த மாதங்கள், கொழுந்தன் கல்யாணத்தில் காணாமல் போன மாதம், எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து வயிற்றில் ஏறின, அவள் சேனலை, நிரஞ்சனை, பட்டிமன்ற நடுவரை, குடத்தை, கூடையை எல்லாவற்றையும் வாயில் வந்தபடி திட்டினாள், விளம்பர இடைவேளை முடிவதற்குள் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. எஸ்தர் டாக்டர் முதல் தடவையாக டி.வி.யைப் பார்க்காமல் பிள்ளையின் எடையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து நிரஞ்சன் ஒரு பழக்கூடையோடு வந்தான். அவனுக்குக் கோபமே இல்லை. எபிசோட் பிய்த்துக்கொண்டு போனதாம். ஆனால் ஒரு சிக்கல், பூரணியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாததால் அந்தக் குடும்பம் இன்னும் தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

“ஒரே ஒரு லைன் மேடம்,” என்று அவன் தன் போனை எடுத்து, பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி அவள் தலையணை பக்கத்தில் வைத்தான். “இது பூரணியோட குழந்தைன்னு நீங்க ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

“மிச்சம்னா?”

“ஆஸ்பத்திரியில நாத்தனார் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. பயப்படாதீங்க, கண்டிப்பா கெடச்சிடும். மிஞ்சிப் போனா ஒரு ஆறு மாசம்.”

இசக்கிராஜ் எழுந்துவிட்டான். அவனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள் செண்பகம். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் போனைப் பார்த்தாள், நிரஞ்சனின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள், பிறகு போன் பக்கம் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னாள்.

“நிரஞ்சன் சார் முழுகாம இருக்காக. மாசம் எட்டு.”

நிரஞ்சனின் கை சட்டைக்கு மேல் தன் வயிற்றைப் போய்த் தொட்டது. காற்றில் ஏறாதவரைக்கும் அது வெறும் பேச்சுதான் என்று அவனுக்குத் தெரியும், ஏறினால் எவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்பதும் தெரியும், அது அவனுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். அவன் போனைப் பிடுங்கி எடுத்து அழித்தான். அழிந்ததா என்று பார்த்து இன்னொரு தடவை அழித்தான்.

“ஏன் சார் அழிக்கீக?” என்றாள் செண்பகம், பிள்ளையை மறு மாருக்கு மாற்றிக்கொண்டே. “நர்ஸுக்கு நான் சொல்லிவிடுதேன். உங்க கூடவே இருப்பாக.”